பதினேழாம் நம்பர்

நைட் ட்யூட்டி முடிந்து
சஃப்தர்ஜங் வாசலில் ஆட்டோ பிடித்தால்
எட்டரைக்கு வசந்த் விஹாருக்குப் பின்னால்
பழைய கல்குழி ஓரம் இறங்கிவிடுவேன்.
சனிக்கிழமை.
கையுறை ஆஸ்பத்திரிச் சொத்து இல்லை, நம்புங்கள்.
முழங்கை வரை தோல்,
வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடுவது.

இங்கே அதன் பெயர் விலாயதி கீக்கர்.
பரமக்குடிக்காரிக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம்.
சீமைக் கருவேலமே,
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கினாலும்
நீதானா?
அங்கே உன்னை மூட்டம் போட்டுக் கரியாக்கினோம்.
இங்கே உனக்குப் பலகை வைத்திருக்கிறார்கள்:
பாதுகாக்கப்பட்ட காடு.

நினைத்தபோது வெட்ட முடியாது.
கிளை கழித்து வெயிலுக்கு வழி விடலாம்,
விழுந்த வெயிலில்
புரசும் வெள்வேலும் தாவும் நடலாம்.
தாவ் நம்ம வெக்காலிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
வருஷத்துக்கு ஒரு சாண் வளரும்,
அதுவும் மனசு வந்தால்.

குழிக்கு அந்தக் கரையில் வலை போட்ட கொட்டடி.
பதினாலு பருந்து.
ஆகஸ்ட் பதினைந்தில் வானமெல்லாம் பட்டம்.
மறுநாள் காலையிலிருந்து வர ஆரம்பிக்கும்,
செருப்புப் பெட்டியில், மிக்ஸிப் பெட்டியில்;
ஒன்று குக்கர் பெட்டியில் வந்தது,
ஐந்து லிட்டர், ஐந்து வருட கேரண்டி.
அதனால் அதன் பெயர் குக்கர்.

மாஞ்சா எலும்பு வரை போயிருந்தால்
இறக்கையை எடுக்கத்தான் வேண்டும்.
தியேட்டரில் நான் பார்த்த மனிதர்கள்
மயக்கம் தெளிந்ததும்
போர்வைக்குள் கையை விட்டுக்
காலைத் தேடுவார்கள்.
குக்கர் தேடவில்லை.
இருக்கிற பக்கத்தை மட்டும் விரித்து எம்பியது,
அலகு மண்ணில் குத்த விழுந்தது.
மூன்று நாள் இப்படி.
நாலாம் நாள் நடந்தது.

பருந்து நடந்து பார்த்திருக்கிறீர்களா?
தெருவில் மழைத்தண்ணீர் ஓடும்போது
வேட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒருவர் போவாரே, அப்படி.

பார்க்க வருகிறவர்கள்
அருகிவரும் இனமா என்று கேட்பார்கள்.
ஷகுஃப்தா ஆட்டு ஈரலை நறுக்கியபடியே
"டெல்லியில் காக்கைக்குச் சமமாக இருக்கிறது,
தூரமா நில்லுங்க, கொத்தும்" என்பாள்.

பிப்ரவரியில் அனுமதி வந்தது.
நாற்பத்துமூன்று கீக்கர், மூன்று முத்திரை.
அடிமரத்தில் சாக்பீஸால் நம்பர் போட்டோம்.
பதினேழு கொட்டடிக்குள் நின்றது.
நின்றது என்று சொல்லக் கூடாது,
வேரிலிருந்தே சாய்ந்து
பாதி படுத்திருந்தது.

அதில்தான் குக்கர் ஏறிக்கொண்டிருந்தது.
முள்ளுக்கு முள் இடம் பார்த்து, நகத்தால் பற்றி,
ஒன்பதடி உயரம் வரை.
மேலே போய்க் காற்றுக்கு முகம் காட்டி உட்காரும்.
மார்ச்சுக்குள் இன்னும் ஐந்து கற்றுக்கொண்டன.

தன்வர் மூங்கிலில் சாய்படி கட்டிக் கொடுத்தார்,
சணல் சுற்றி, வெகு நேர்த்தியாக.
ஒரு பருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.
"நெற்றுக்கு இருபது விதை" என்றாள் ஊர்வசி,
"ஒன்றை விட்டால்
ஐந்து வருடத்தில் மறுபடி முதலிலிருந்து."
தாவ் கன்றுகள் கணுக்கால் உயரத்தில் இருந்தன.

கை தூக்கச் சொன்னார்கள்.
வெட்டலாம் என்றுதான் நான் தூக்கினேன்.
ஐந்து கை.
எதிரே ஆறு.
வெட்ட வந்த கான்டிராக்டரின் பையனும் தூக்கிவிட்டான்,
எண்ணக் கூடாது என்று சொல்ல
எங்களுக்கு வாய் வரவில்லை.

நாற்பத்திரண்டு போயின.

இப்போது மே மாதம்.
நெற்று மஞ்சளாகி உதிர்கிறது.
ஒன்றும் மண்ணில் தங்கக் கூடாது என்று
பதினேழுக்கு அடியில் குந்தி
நான்தான் பொறுக்குகிறேன்,
வேறு யாரிடமும் விடுவதில்லை.
சாக்கு பாதி நிறைந்தாயிற்று.
மேலிருந்து குக்கர்
கையுறை மேல் எச்சமிடுகிறது,
வெள்ளையாக, சூடாக.
சாக்பீஸ் எண் மட்டும்
போன வார மழைக்கும் அழியவில்லை.