பதினேழாவது குழி

முட்டிசோவுக்கு இரவு வேலை.
நைரோபியில், கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்குத்
தண்ணீர் காட்ட வேண்டும்.
பத்து மணிக்குத் திருகைத் திறந்தால்
விடியும்வரை சுழன்று சுழன்று பெய்யும்
உறுப்பினர்கள் சந்தா கட்டிய மழை.

புல் வாடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
ஒருமுறை பிடித்தார்கள்:
பதினேழாவது குழியருகே
ஒரு செருப்பகலம் மஞ்சள்.

காலையில் வேலியைத் தாண்டி
மத்தாரேவுக்குள் இறங்குகிறான்.
கெரூபோ வரிசையில் நிற்கிறாள்.
கேன்மேல் கல்லூரி விண்ணப்பம்,
காதிடுக்கில் பேனா.

"இன்றைக்குக் கேன் இருபது ஷில்லிங்."
"நேற்று பத்துதானே?"
"நேற்று தண்ணீர் வந்ததே."

இருபத்திரண்டு வயதுக்கு
இதில் சிரிக்கத் தோன்றுகிறது.
சிரிக்கிறார்கள்.
முன்னால் நிற்பவர் திரும்பி முறைக்கிறார்.

விண்ணப்பத்தின் ஒன்பதாம் கேள்வி:
வீட்டில் குழாய் இணைப்பு உண்டா?
"என்ன போட?"
"உண்டு என்று போடு.
உன் கட்டிலுக்கு அடியில்தானே போகிறது
மைதானத்துக் குழாய்."

அவள் பேனாவை எடுக்கவில்லை.
"தெரியும்.
ராத்திரி பத்துக்குத் தரை லேசாக அதிரும்.
நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று
அப்புறம்தான் தூங்குவேன்."

அவனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
முழங்கால்வரை நனைந்த கால்சட்டை
விளிம்பிலிருந்து சொட்டுகிறது,
நாற்பது காலிக் கேன்களுக்கு நடுவே,
காசில்லாமல்.

வரிசை ஓரடி நகர்கிறது.
ஒன்பதாம் கேள்வியை விட்டுவிட்டு
பத்தாவதற்குப் போகிறாள்:
பொழுதுபோக்கு?