பீப்பாய் வேஷம்

பதினோரு நிமிடப் படத்தில்
எனக்குப் பீப்பாய் வேஷம்.
வசனம் இல்லை. கசிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒலிந்தா பெஸ்தானா
பேக்கரியில் மாவு பிசைகிறவள்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயக்குநர்.
அட்டையைச் சுருட்டி ஆரஞ்சுச் சாயம் அடித்து
என் தலைமேல் கவிழ்த்தாள்.
"உனக்கு அனுபவம் இருக்கு" என்றாள்.
இருந்தது.
ஆற்றோர ஆலையில் ஒன்பது வருஷம்
நிஜப் பீப்பாய்களுக்கு மூடி இறுக்கினவன்.

முதல் காட்சி கல்யாணம்.
சல்லாத்துணி போர்த்திய என்னைக்
குளிர்சாதனப் பெட்டி ஒன்று கைப்பிடிக்கிறது.
சீர்வரிசை: நூற்றுப்பத்து ஷாம்பூ புட்டிகள்,
எல்லாம் காலி.

அப்புறம் தள்ளுவண்டியில் குந்தியபடி
நெடுஞ்சாலை மால் முழுக்க ஊர்வலம்.
கழுத்தில் பலகை:
ஒன்று வாங்கினால் ஆறு இலவசம்.
எந்த ஆறு என்று ஒருவரும் கேட்கவில்லை.
விலை கேட்டார் ஒருவர்.
காவலாளி துரத்தியது நடிப்பில்லை,
அதையும் படத்தில் வைத்துக்கொண்டாள்.

பசேயிக் கரையில் கடைசிக் காட்சி.
லூர்தெஸ் தண்ணீரை அள்ளி முகர்ந்து
டிவி விளம்பரப் பெண்கள் போலச் சிரிக்க வேண்டும்:
"இப்போது இன்னும் நுரையுடன்!"
ஏழு முறை எடுத்தார்கள்.
ஏழாவது முறைதான்
அவள் கையில் கையுறை இல்லாதது
எங்களுக்கு உறைத்தது.

சங்கத்தின் நிலவறையில்,
படுக்கை விரிப்பில் படம் ஓடியது.
ஆலை மேலாளர் விட்மர்
தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
மறுவாரமே ஆள் வந்தது,
லூர்தெஸின் சிரிப்புக்கு விலை பேச,
ஏதோ அறை நறுமணத் தெளிப்பானுக்காம்.
ஒலிந்தா விற்றாள்.
புதுக் கேமரா வாங்கினாள்.
ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை.
பிறகு பேசினேன்;
ரொட்டி அங்கேதானே வாங்க வேண்டியிருக்கிறது.

ஜூனில்,
நிலாவுக்குப் புறப்பட்டவர்கள் போல் உடுத்திய ஆட்கள்
வந்து எங்கள் தெருவை
வாக்குவம் போட்டார்கள்.
தெருவை. நடைபாதையை. பேக்கரி வாசலை.
மீன்கடை அக்காசியோ
தலையைக் கோதிக்கொண்டு கையசைத்தார்,
ஒலிந்தா எந்த ஜன்னலில் ஒளிந்து
படம் பிடிக்கிறாள் என்று தேடியபடி.

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்,
வெறுங்கையோடு.

ஒருவன் என் காலணிகளைக் கழற்றச் சொல்லி
எண் எழுதிப் பீப்பாய்க்குள் போட்டான்.
மூடி சரியாக உட்காரவில்லை.
முகமூடிக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுத்தான்.

வெறுங்காலோடு போய்
காட்டிக்கொடுத்தேன்:
முதலில் இடப்பக்கம் அரைச்சுற்று,
பிறகு வலம்.