திங்கட்கிழமை, பாலத்தின் மேல்

பிறையிலிருந்து தீவுக்குப் போகும் காரில்
நாங்கள் நான்கு பேர்.
ஏழாக இன்னும் ஐந்து நிமிடம்.
மழை பெய்யலாமா என்று கடலுக்கு மேல் வானம் யோசிக்கிறது.

ஸ்டியரிங்கில் பொன்னுரங்கம் அண்ணனின் விரல்,
நகக்கண் வரை மை.
கொக் வாய் கைப்பேசியைத் துடைக்கும் விரலிலும் மை.
என் பக்கத்தில் ரொஸ்னானி
குவே லாப்பிஸ் டப்பாவைத் திறக்கிறாள்,
மூடியை நெம்பும் விரலிலும்.

சனிக்கிழமை மூவரும்
மூன்று பள்ளிக்கூட வரிசைகளில் நின்றவர்கள்.
எதற்கென்று ஊருக்கே தெரியும்.
யாருக்கென்று கேட்க
இந்தக் காருக்கு வாய் கிடையாது.

வானொலி செய்திக்குத் தொண்டையைச் செருமுகிறது.
அண்ணன் சத்தத்தைக் குறைக்கிறார்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல.

ஒருமுறை பேசினோம்.
டோல் சாவடியில் ஆரம்பித்தது,
பாயான் லெப்பாஸ் வாசலிலும் முடியவில்லை.
"உங்க ஆளுங்க" என்றார் ஒருவர்.
"உங்க ஆளுங்க" என்றார் மற்றவர்.
அதன்பிறகு பதினோரு நாள்
கொக் வாய் பஸ்ஸில் போனார்.
பெட்ரோல் காசை மூன்றால் வகுத்தால்
மீதி நின்றது.

பன்னிரண்டாம் நாள் பேட்டரி செத்தது.
வயரோடு வந்தவர் அவர்தான்.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை,
மழையைப் பற்றிப் பேசினோம்.
இன்றுவரை மழையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வெங்காய விலை பேசலாம்,
ஏன் ஏறியது என்று பேசக்கூடாது.
சாலைப் பள்ளத்தைத் திட்டலாம்,
போட்டது யார் என்று வந்தால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.
டுரியான், எவ்வளவு வேண்டுமானாலும்.

என் இடது கை பைக்கு அடியில் இருக்கிறது.
போன தேர்தலுக்கும் அங்கேதான் இருந்தது.
கூலிம் தோட்டத்து லயத்தில் பிறந்தேன்,
பதிவு செய்ய யாரும் டவுனுக்குப் போகவில்லை.
ஐம்பத்திரண்டு வயது.
அட்டை இன்னும் சிவப்பு.
இவர்களிடம் சொன்னதில்லை.
சொன்னால் அது அரசியல்.

பாலத்தின் இணைப்பில் கார் குதிக்கிறது.
பை சரிகிறது, பிடிக்கக் கை தானாக நீள்கிறது.
சுத்தமான விரல்.
ரொஸ்னானி பார்க்கிறாள்.
ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து
அடுத்த கம்பம் வரைக்கும் பார்க்கிறாள்.

"சூடா மாக்கான், கா?"

கேட்டுக்கொண்டே
குவேயின் மேலடுக்கைக் கிழியாமல் உரித்து,
அந்தச் சிவப்பை,
என் வலது உள்ளங்கையில் வைக்கிறாள்.

மெல்லுகிறேன். அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தீவுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்.
"மழைதான்போல" என்கிறார் கொக் வாய்.