சொந்தத் தேவை

காரணம் எழுதாத கடிதம் செல்லாது என்றார் வக்கீல்.
யாருக்கு வீடு, என்ன உறவு,
ஏன் இந்த வீடேதான் வேண்டும்,
எல்லாம் இருக்கவேண்டும். கையெழுத்து பேனாவில்.
மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவரிடம் சேரவேண்டும்.
தவறினால் இன்னொரு மாதம் தள்ளிப்போகும்.

பதினாலு வருஷமாய்க் குடியிருப்பவர்,
ஆகவே ஒன்பது மாத அவகாசம்.
பிள்ளை பெறவே பத்து மாதம்.
வீட்டைக் காலி செய்ய ஒன்று குறைவு.

சட்டம் இதைச் சொந்தத் தேவை என்கிறது.
எனக்கு ஒரு தேவையும் இல்லை.
பிரேமன் நகரத்து டிராமில் ஓட்டுநர் இருக்கை இருக்கிறது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை இருக்கிறது.
தேவை ஃபோல்கர்ட்டுக்கு.
தம்பி.

'உடல்நலக் காரணங்களால்' என்று எழுதினேன்.
போதாது என்றார் வக்கீல்,
போனில் எதையோ மென்றுகொண்டே.
சரி என்று எழுதினேன்:
சர்க்கரை. குதிகாலில் புண்.
ஏழு வாரம் மறைத்து லாரி ஓட்டினான்.
வலது கால், முட்டிக்குக் கீழே, பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.
ஓல்டன்புர்கில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
உட்கார்ந்த வாக்கில் ஒவ்வொரு படியாய் இறங்குகிறான்,
நாற்காலியைப் பக்கத்து வீட்டுப் பையன் தூக்கி வருகிறான்.
பையன் ஊரில் இல்லாத வாரம்
இவன் இறங்குவதில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது.
காப்பகத்தில் அவள் கேட்கும்போதெல்லாம்
முட்டி ஆபரேஷன் என்கிறோம்.
டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது.
முழுசாகத் தெரிந்த முதல் ஆள்,
நான் வெளியே போகச் சொல்லும் கெசீனே அம்மையார்.

ஆட்சேபிக்கும் உரிமையையும் நானே எழுதவேண்டுமாம்:
கஷ்டம் இருந்தால் எழுத்தில் சொல்லலாம்,
கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பு வரை.
எதிராளிக்குக் கத்தியை நாமே
பிடி பக்கமாய் நீட்டுகிற மாதிரி.
அவருக்கும் கஷ்டம் இல்லாமலில்லை.
இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை.
நாய்க்குப் பதிமூன்று வயது. அதுவும் படி ஏறாது.

காலை நாலரைக்கு, முதல் வண்டி எடுக்குமுன்,
அவர் பெட்டியில் போட்டுவிட்டுத் திருடன்போல் நடந்தேன்.

ஆறாம் நாள் கூப்பிட்டார்.
வந்து ஒன்றைப் பாருங்கள்.
வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.
மன்னிப்புக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று,
அழுதால் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

குளியலறை வாசலில் நின்றிருந்தார்,
ஆடையில் மாவு, கையில் அளவு டேப்.
"அறுபத்தெட்டு சென்டிமீட்டர். உங்கள் தம்பி நாற்காலி என்ன அகலம்?"
தெரியாது.
"கேட்டு வாருங்கள்.
சக்கரத்தை உருட்டும் கைக்கும் இடம் வேண்டும்,
இல்லையென்றால் விரல் முட்டியெல்லாம் தோல் உரியும்."

இது ஆட்சேபத்தின் முதல் வரியா?
தேதியைக் குறித்துக்கொள், பதில் பேசாதே என்பார் வக்கீல்.
டேப் சரக்கென்று கூட்டுக்குள் போனது.
நாய் என் இரண்டு செருப்பையும்
தனித்தனியே முகர்ந்து பார்த்தது.

அன்றிரவு ஃபோல்கர்ட்டுக்குப் போன் செய்தேன்.
"யாருக்குடா என் நாற்காலி அளவு?"
"அந்த வீட்டில் இருக்கிறவருக்கு."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு இழுப்பறை திறந்தது,
எதுவோ விழுந்தது, ஒரு கெட்ட வார்த்தை.
"அறுபத்தாறு," என்றான்,
"என் கையைச் சேர்க்காமல்."