கழித்தல் நூற்றுப் பதின்மூன்று

முதுகு மூடியை நகத்தால் நெம்பினால்
உள்ளே ஆறு பொடிச் சுவிட்சுகள்.
முதலாவது மோடத்துக்கு.
வாங்கி எட்டு மாதம். பேசுவதற்கு என்று பார்த்தால்
இதைவிட மோசமான போன் நாகை மாவட்டத்தில் இருக்காது;
மணி அடிக்கும், எடுப்பதற்குள் உறங்கிவிடும்.
ஆனால் கேட்டதை மறைக்காது.
மற்றப் போன்கள் நாலு கோடு காட்டி ஒப்பேற்றுகிற இடத்தில்
இது எண்ணைச் சொல்லும்.

எண்கள் எல்லாமே கழித்தலில்.
எழுபது என்றால் கோபுரம் பக்கத்தில்,
நூற்றைத் தாண்டினால் குரல் உடையும்,
நூற்றுப் பதின்மூன்றில் அரிசி கிடையாது.
பூஜ்யத்துக்குக் கிட்டப் போகப் போக நல்லது என்று
விளக்க ஆரம்பித்தேன். கோமளவல்லி நிறுத்தினாள்:
"கடன் மாதிரிதானே. புரியுது."

அவள் ரேஷன் கடைக்காரி.
ரேகை வைக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு
மாதத்தின் முதல் வாரம் முழுக்க மதகின் மேல் நிற்கிறாள்.
மூட்டை கடையில், தராசு கடையில்,
பெருவிரல் மட்டும் மானங்கொண்டான் ஆற்றங்கரையில்.
வரிசை இரண்டாகப் பிரிந்து நடுவில் நடவு வயல்.

ஒரு கம்பெனியின் வரைபடத்தில் எங்கள் ஊர் முழுக்க நீலம்.
இன்னொன்றில் முழுக்கச் சிவப்பு.
ஒரு சந்து, ஒரு பம்புசெட்டுக் கொட்டகைகூட
வெள்ளையாக விடப்படவில்லை.
மூன்று சிம், ஒரு நோட்டு, ஜெகபரின் எக்ஸ்எல்.
ஐம்பது தப்படிக்கு ஒருமுறை இறங்கி,
நிலம் அளக்க வந்தவர்கள் என்று நாய்கள் குரைக்க,
ஊரைச் சுற்றினோம்.
காளியம்மன் கோயில் வேம்படியில் நூற்றெட்டு.
"சாமி கணக்குதான்" என்றான் ஜெகபர்.
பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பின்னால் தொண்ணூற்றிரண்டு,
ஊரிலேயே நல்ல இடம், யாரும் நிற்க மாட்டார்கள்.
இறால் குட்டையில் ஒன்றுமே இல்லை.
மதகின் மூன்றாம் படியில் தொண்ணூற்றாறு.
நாலாம் படியில் நூற்றுப் பதின்மூன்று.
ஒரு படிக்கா இவ்வளவு?
நம்பாமல் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன்.
வாத்து ஓட்டி வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு
மந்தையை வேறு வரப்பில் திருப்பினான்.

கோடியக்கரையிலும் ஓர் அளவு எடுக்கலாம் என்றது நான்தான்,
தேவையே இல்லை.
படகுகள் ஏறிக் கிடந்த மணலில் உட்கார்ந்து
யார் யார் இருக்கிறீர்கள் என்று
காற்றைக் கேட்கிற கட்டளையைத் தட்டினேன்.
மூன்று நிமிடம் பிடிக்கும்.
அவித்த முட்டை போலக் கையில் சுட்டது போன்.

ஆறு பெயர் வந்தன. நாலு தெரிந்தவை.
இரண்டு, நானூற்றுப் பதின்மூன்றில் தொடங்கின.
அது நம் நாட்டு எண் இல்லை.
அவற்றுக்கு நேரே ஒரே சொல்: விலக்கப்பட்டது.

"அக்கரையா?" என்றான் ஜெகபர்.
நிமிர்ந்து பார்த்தோம், பார்த்தால் தெரியுமா என்ன.
கலங்கரை விளக்கின் வெளிச்சம் ஒரு சுற்றுப் போய் வந்தது.

வலை மடித்துக்கொண்டிருந்த கலைவேந்தன் எட்டிப் பார்த்தார்.
"இந்தப் பேரா?
கடலுக்குள்ள இது போன்ல வந்தா
வண்டியத் திருப்பிடுவோம். அதான் எங்களுக்கு எல்லை."
கரையிலேயே வருதே அண்ணே என்றேன்.
"ஒங்க போனுக்குக் காது பெருசு.
எங்களுதுல லேட்டாத்தான் வரும்.
தம்பிக்கு ரொம்ப லேட்டா வந்திச்சு."
அதோடு சரி.
வலையின் மறு முனையைத் தேடிப் போய்விட்டார்.

இடம், நேரம், கம்பெனி, அளவு என்று
நோட்டில் நாலு பத்தி போட்டிருந்தேன்.
இது எதிலும் பொருந்தவில்லை.
அட்டையின் உள்பக்கம் எழுதினேன்:
இரவு ஒன்பது நாற்பது. வாடைக் காற்று. இரண்டு பெயர்.
பிறகு முதல் சுவிட்சைக் கீழே தள்ளினேன்.
வீடு வரும்வரை மேலே தள்ளவில்லை.

காலையில் கோமளவல்லி கேட்டாள்,
எந்த சிம் வாங்கட்டும்?
எதுவும் வேண்டாம், இருக்கிறதே போதும்,
நாலாம் படி ஏறாமல் மூன்றாம் படியிலேயே நில்லுங்கள்
என்றேன், எட்டு மாத ஆராய்ச்சியின் முழுத் தெம்போடு.

கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"ஐப்பசியில மூணாம் படி தண்ணிக்குள்ள இருக்கும்."