இல்லை என்று சொல்லப் பழகுதல்

இரத்மலானையில் விதானகே
அதன் வயிற்றுத் தகட்டைக் கழற்றிக் காட்டினார்.
ஆணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி.
"மாவு இல்ல மேடம். கடல் காத்து.
நாப்பது வருசமா நக்கியிருக்கு."

நான் நாலாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய் விற்கிறவள்.
சாக்குக்குள் கை விட்டால்
எவ்வளவு ஈரம் என்று விரல் சொல்லும்.
இதற்குள்ளும் விட்டுப் பார்த்தேன்.
விரல் ஊமையாக வெளியே வந்தது.

இறக்கை வாங்கப் போனேன்.
முதலில் கையில் தந்தது கொப்பிகள்:
எஞ்சினுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று,
சுழலிக்குத் தனியே ஒன்று.
எண்பத்தொன்பதில் ஏழு மாதம்
ஒரு வரியும் இல்லை.
"அப்ப எங்க நிண்டது?"
விதானகே துணியால் கையைத் துடைத்தார்,
ஏற்கெனவே துடைத்த கையை.
அந்த வருடம் இந்த ஊரில்
எழுதாமல் விட்டவை எத்தனையோ.
மேலே கேட்கவில்லை.
விலையில் குறைக்கச் சொன்னேன்,
அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு நானே கதைக்கவில்லை.

காப்புறுதி, கொட்டகை வாடகை, ஆண்டுச் சோதனை,
வாரம் ஒருதரம் நல்ல தண்ணீரில் குளிப்பு.
பறந்தாலும் செலவு, பறக்காவிட்டாலும் செலவு.
"சும்மா நிக்கிறதுக்குமா சாப்பாடு?" என்றார் நிமலகாந்தன்,
சோபாவில் படுத்தபடி,
ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு.

பிறகு, எடை.
படிவத்தில் எனக்கு அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தேன்.
கடை பூட்டிய பின்
அரசாங்க முத்திரை குத்திய எங்கள் தராசில்
ஏறி நின்றேன்.
எழுபத்தாறு.
ஊருக்கெல்லாம் ஒரு கிராம் பிசகாமல் நிறுத்தவள்
அன்றுதான் தன்னை நிறுத்தாள்.
வெட்டி எழுதினேன். பக்கத்தில் கையெழுத்தும் வைத்தேன்.
நிமலகாந்தன், மூச்சை இழுத்துப் பிடித்தும், தொண்ணூற்றொன்று.
மகள் செருப்பைக் கழற்றப் போனாள்.
"செருப்போடதானே வருவாய், செருப்போட ஏறு."
மூவரும் ஏறினால் தாங்கி நிரப்ப முடியாது.
தாங்கி நிரம்பினால் ஒருவர் தரையில்.
யார் என்று
வெள்ளவத்தை வரும்வரை காரில் ஒருவரும் கேட்கவில்லை.

கையெழுத்து வைத்த கிழமை
விடியக்காலை எரிபொருள் சொட்டுப் பிடித்தேன்.
கண்ணாடிக் குழாயின் அடியில்
மூக்குத்திக்கல் அளவு தண்ணீர்.
ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும்.
நாலாம் முறை சுத்தம்.
அப்போது பொல்கொட பக்கம்
வானம் நனைந்த சாக்குப்போல் கறுத்துக் கிடந்தது.
உரிமம் இருக்கிறது, மகள் காத்திருக்கிறாள்,
காசு கட்டியாகிவிட்டது.
விதானகே என் முகத்தைப் பார்த்தார்; தீர்ப்பு அவருடையது அல்ல.

எங்கள் தெருவில் அந்தச் சொல் ஆகாது.
சரக்கு முடிந்தாலும் "நாளைக்கு வரும்" என்போம்,
விளக்கு வைத்த நேரமென்றால் இன்னும் பயந்து.
தொண்டைக்குள் அது
மிளகாய் விதைபோல் ஒட்டிக்கொண்டு நின்றது.
"இண்டைக்கு இல்லை."

அடுத்த நாள் கடையில் ஒருவர்
மாத்தளைச் சரக்கு இருக்கிறதா என்றார்.
"இல்லை" என்றேன்.
சாக்குத் தைத்துக்கொண்டிருந்த இஹ்ஸான்
ஊசியோடு நிமிர்ந்து பார்த்தான்.