கேப்டன் கடுகின் எடை

தண்டர் பேயில், சலவைக்கடையின் பின்னறையில்,
வியாழன்தோறும் ஏழு பேர் கூடுவோம்.
சுவருக்கு அந்தப்பக்கம் ஊர்த் துணிகள் சுழலும்.
இந்தப்பக்கம்
இருபத்தொரு வருடமாக ஒரே கேள்வி.

கேப்டன் கடுகு
சிறுத்து விரலளவு ஆகும்போது
காரம் போகுமா என்பதல்ல,
அது போகாது, எல்லோருக்கும் தெரியும்.
எடை போகுமா?

போகும் என்பாள் டெல்ஃபின்.
நாற்பத்தேழாம் இதழைத் தூக்கிக் காட்டுவாள்:
பன்னிரண்டாம் பக்கம், மூன்றாவது கட்டம்,
தும்பி முதுகில் ஏறிப் பறக்கிறாரே,
எழுபத்தெட்டுக் கிலோவைத் தும்பி தூக்குமா?

போகாது என்பான் தவ்னோ.
தவ்னோ கிவெலா, தானியக் கிடங்கில்
எடைமேடை பார்ப்பவன்.
லாரியோடு கோதுமையை நிறுத்து,
வெறும் லாரியை மறுபடி நிறுத்து,
கழித்து எழுதிக் கழித்து எழுதியே
எடை எங்கும் ஓடிப்போகாது என்று நம்பியவன்.
"ஐம்பத்திரண்டாம் இதழ்," என்பான்,
"வில்லனின் கால் கட்டைவிரல்மேல் குதிக்கிறார்.
எலும்பு நொறுங்குகிறது. எப்படி?"

"வேகம்," என்பான் வசில்.
"மந்திரம்," என்பான் கோர்ட், வேண்டுமென்றே.
மந்திரம் என்றால் தவ்னோவுக்கு ஆகாது.
காபிக் கோப்பையைச் சத்தம் வர வைப்பான்.
ஆர்லோ வாயே திறக்கமாட்டான்,
பிஸ்கட் டின்னை மட்டும் திறப்பான்.

ஒருமுறை கார்ட்டூன் தொடரைச் சாட்சிக்கு இழுத்தாள் லியோனா.
தொடரெல்லாம் செல்லாது, அச்சில் வந்ததே வேதம்
என்று நான் சொல்லித் தொலைக்க,
மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை.
நான்காம் வாரம் வந்தாள்,
கையில் தடித்த கோப்போடு.

இத்தனைக்கும்
அந்தப் படக்கதை அறுபத்து மூன்றாம் இதழோடு
நின்றுபோன ஒன்று.
கடைசிக் கட்டத்தில் அவர்
ஒரு சாவித்துவாரத்துக்குள் நுழைகிறார்.
கீழே, சின்ன எழுத்தில், தொடரும்.

போன வருடம் தவ்னோ சிறுக்கத் தொடங்கினான்.
பெல்ட்டில் புதுத் துளை.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம் பெல்ட்டே வேறு.
கணையம் என்றார்கள்.
எடையை விட்டால் வேறு பேச்சில்லாத அறையில்
அவன் எடையை யாரும் கேட்கவில்லை.
அவனே சொன்னான்:
"ஐம்பத்தொன்று.
டெல்ஃபின், உன் கட்சிக்கு ஒரு புள்ளி."

அவள் நாற்பத்தேழாம் இதழைப் பைக்குள் வைத்தாள்.
பிறகு எடுக்கவேயில்லை.
அதற்குத்தான் அவளைத் திட்டினான்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து:
"எதிர்த்துப் பேச ஆளில்லாமல்
நான் என்ன செய்ய?"

ஏழில் ஒன்று போக ஆறு.
பெட்டி தூக்கச் சரியாக ஆறு பேர்தான் வேண்டும்.

பிப்ரவரி. லூத்தரன் கோயில் படிகளில்
உப்புத் தூவியிருந்தார்கள்.
ஏரிக்காற்று காதை அறுத்தது.
"ஒன்று, இரண்டு," என்றான் வசில்.
மூன்று சொல்லுமுன் தூக்கிவிட்டோம்.
மூன்றாம் படியிலேயே கோர்ட்டுக்கு மூச்சு வாங்கியது.
என் விரல்கள் வெளுத்தன.

"போகவில்லை," என்றாள் டெல்ஃபின்,
பெட்டியின் மறுபக்கத்திலிருந்து, மெதுவாக.
"எடை போகவேயில்லை."

நடுப்படியில் நின்றுவிட்டோம்.
பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

"ஓக் மரம்," என்றான் வசில். "பெட்டியைக் கழிக்கணும்."
"பித்தளைப் பிடியையும்," என்றாள் லியோனா,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
"இதெல்லாம் ஒரு சாட்சியா," என்றான் கோர்ட்,
"பனியில் எல்லாமே கனக்கும்."

அப்போது ஆர்லோ,
வண்டிக்கதவைத் திறந்து நின்ற கறுப்புக்கோட்டுக்காரரிடம்,
"வெறும் பெட்டி எத்தனை கிலோ?" என்று கேட்டான்.
அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.
"தொண்ணூறு இருக்கும்."

கழித்துக்கொண்டே
வண்டிவரை நடந்தோம்.
ஆளுக்கு ஒரு விடை வந்தது.